இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்

கூப்பிடுவார்கள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் எப்படியும் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் பெனிலா கீழே போய்விட்டாள், நான் மொட்டைமாடியில் நின்று துணி அலசிக்கொண்டிருக்கிறேன். போன் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிழலில் கிடக்கிறது. அங்கேதான் சிக்னல் நிற்கும், கீழே எங்கள் அறைச் சுவர்களுக்கும் சிக்னலுக்கும் ஆகாது. அதனால்தான் ஊறவைத்த வாளியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன், சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போன் அடிக்காது, கை ஈரமாக இருந்தால்தான் அடிக்கும், எனக்கு அப்படி ஒரு எண்ணம். அடிக்கட்டும். அடித்தால் என்ன சொல்வாய்? தெரியாது. தெரியும். தெரியாது. பெனிலாவுக்குப் புது வேலை கிடைத்த மாதிரிதான், எல்லாச் சுற்றும் முடிந்துவிட்டது, பாக்கி இந்த ஒரு போன். பழைய கம்பெனியில் அவள் வேலை பார்த்தது நிஜம்தானா என்று சரிபார்க்கிற ஆள் கூப்பிடுவார். பழைய கம்பெனியோ நாங்கள் இருவரும் இருந்த தளம் முழுவதையும் ஒரே மத்தியானத்தில் காலி பண்ணி அனுப்பிவிட்டது, அங்கே போனை யாரும் எடுப்பதில்லை, மெயில் போட்டால் கிணற்றில் போட்ட மாதிரி. அப்படியானால் இன்னும் அங்கே வேலையில் இருக்கிற ஒருவர் பெயரைக் கொடுங்கள், அவர் சொன்னால் போதும் என்றிருக்கிறார்கள். பெனிலா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஏனென்றால் இணையத்தில் என் பெயருக்கும் படத்துக்கும் கீழே, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

“உன்ன விட்டா எனக்கு ஆரு இருக்கா மக்கா” என்றாள் காலையில், வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே. “ஏட்டி, உன்கூடச் சேந்துதான நானும் பையத் தூக்கிட்டு வெளிய வந்தேன்” என்றேன். “நீ வந்த. உன் ப்ரொஃபைலு வரலையே. அது இன்னும் அங்க ஏசியிலதான இருக்கு.” நுரையோடு சிரிக்கிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது, இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்காமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். “ஊரு ஒலகத்துக்கே சொல்லி வச்சதத்தான பிள்ளே இவன் ஒருத்தன்கிட்டயும் சொல்லப் போற. புதுசா ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல, கேட்டியா.” நான் சிரித்தேன். சிரித்திருப்பேன். எனக்குக் கோபம் வந்தாலும் முகம் முதலில் சிரித்துவிடும், பிறகுதான் கோபம் வந்து சேரும், அதற்குள் எதிராளி குளிக்கப் போயிருப்பாள். அவள் குளிக்கப் போய்விட்டாள். உள்ளேயிருந்து பாட்டு வேறு. வேலை கிடைக்கப் போகிறவளுடைய பாட்டு கதவுக்கு வெளியே எப்படிக் கேட்கும் என்று வேலை கிடைக்கப் போகிறவளுக்குத் தெரியாது.

ஏன் அதை மாற்றாமல் வைத்திருந்தேன் என்றால், அம்மா. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு அம்மாவுக்கு எப்படியோ எல்லாம் தெரிந்துவிடுகிறது. “இப்பல்லாம் மாப்பிள வீட்டுக்காரங்க ஜாதகத்தப் பொறவுதான் பாக்காங்களாம், மொதல்ல அதத்தான் தொறந்து பாக்காங்களாம். இருந்துட்டுப் போகட்டும் ஆவுடை, அழிச்சிராத.” சரி அம்மா. பெரியப்பா மகன் வேறு மாதாமாதம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான், ‘உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்கள்’ என்ற இடத்தில் அவன் முகம் தவறாமல் தெரியும், ஆள் எடுக்கிறவர்களின் முகம் ஒன்றுகூடத் தெரியாது. அம்மா மேல் பழியைப் போட்டுவிட்டேன், சௌகரியமாக இருக்கிறது. அம்மா சொல்லாவிட்டாலும் மாற்றியிருக்க மாட்டேன். வேலையில் இருக்கிறவர்களைத்தான் கூப்பிடுவார்கள், சும்மா இருக்கிறவளை ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்பார்கள் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டேன். அதனால் கம்பெனிக்கு அறுபது நாள் அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் சேர முடியும் என்றுகூடப் போட்டுவைத்தேன். அறுபது நாள். எதற்கு? இந்த வாளியிடமும் இந்தக் கொடியிடமும் ராஜினாமாக் கடிதம் கொடுக்கவா? பெனிலா முதல் நாளே தன் படத்தைச் சுற்றி அந்தப் பச்சை வளையத்தைப் போட்டுக்கொண்டாள், வேலை தேடுகிறேன் என்று ஊருக்கே சொல்கிற வளையம். எனக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, கோவில் வாசலில் தட்டை நீட்டின மாதிரி. அவளோ திருவிழாவில் வாங்கின வளையல் போல மாட்டிக்கொண்டு, “எப்படி இருக்கு?” என்று காட்டினாள். நல்லாயிருக்கு என்றேன். அடுத்த வாரத்தில் அவளுக்கு முதல் அழைப்பு. உடனே சேர முடியுமா? நாளைக்கே வருகிறேன் சார். வெட்கமே இல்லாமல் நாளைக்கே வருகிறேன் என்கிறாள். வெட்கப்பட்டவளுக்கு என்ன கிடைத்தது, வெட்கம்தான் கிடைத்தது.

அந்தப் படத்தை எடுத்தவள் நான். இதே மாடி, இதே தொட்டி, அதன் கறுப்பைப் பின்னால் வைத்து எடுத்தால் ஸ்டூடியோ மாதிரி வரும் என்று கண்டுபிடித்தவள் நான். முதலில் அவள் என்னை எடுப்பது, பிறகு நான் அவளை எடுப்பது என்று ஏற்பாடு. என்னுடைய படத்தில் நான் வாக்காளர் அட்டைக்கு நிற்கிறவள் மாதிரி விறைத்துக்கொண்டு, “சிரி பிள்ளே, பல்லுக்குக் காசா கேக்கேன்” என்று அவள் கத்தக் கத்த வாய் இன்னும் இறுகிக்கொண்டு. அவள் நின்றபோது காற்று வந்தது. எனக்கு வராத காற்று. ஒரு முடிக்கற்றை நெற்றியில் விழ, அதை ஒதுக்கப் போன கையோடு அவள் சிரித்தாள், நான் பொத்தானை அமுக்கிவிட்டேன். அமுக்காமல் இருந்திருக்கலாம். ஒரு நொடி தள்ளி அமுக்கியிருந்தால் கண் மூடியிருக்கும், கை முகத்தை மறைத்திருக்கும். என் விரல்தான் சரியாக அமுக்கியது, அவளுக்காக. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டோம் என்று யாரும் சொல்லப் போவதில்லை, ஆனால் எனக்குத் தெரியும், அந்த முகத்தைப் பார்த்தால் நமக்கும் ஒரு காற்று வரும் போலத் தோன்றும். சட்டையை அலசி உதறுகிறேன், அவளுடைய சட்டை, இண்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போன வெளிர்நீலம், கக்கத்தில் வேர்வைக் கறை. ஆக அவளும் பயந்திருக்கிறாள். கறையைப் பார்த்து ஒரு சின்ன சந்தோஷம் வருகிறது, சீ, வரட்டும், யாரும் பார்க்கவில்லை. சோப்பைக் கொஞ்சம் குறைவாகப் போடுகிறேன். பிறகு மனசு கேட்காமல் இன்னும் போட்டுத் தேய்க்கிறேன்.

அந்த வேலைக்கு நான்தான் முதலில் விண்ணப்பித்தேன், அதை யாரிடம் போய்ச் சொல்வது. நான் விண்ணப்பித்துவிட்டு, தனியாகப் போட்டால் என்னவோ திருடின மாதிரி இருக்கிறதே என்று லிங்கை அவளுக்கும் அனுப்பினேன். அவள் அடுப்படியில் நின்றபடியே, தோசையைத் திருப்பிப் போடுகிற நேரத்துக்குள் விண்ணப்பித்துவிட்டாள். நான் அதற்கு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். எனக்கு ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’, அவளுக்கு ‘எப்போது பேசலாம்?’. காலையில் எழுந்ததும் ப்ரொஃபைலில் ஏதாவது ஒன்றை மாற்றி வைத்தால் இன்று புதுப்பித்தவர்கள் என்று மேலே தூக்கிக் காட்டும், ஆள் எடுக்கிறவர்கள் மேலே இருக்கிறவர்களைத்தான் பார்ப்பார்கள், அந்த வித்தையும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். நான் தினமும் என்னைப் பற்றிய வரியின் கடைசியில் இருக்கிற புள்ளியை எடுத்துவிடுவேன், மறுநாள் திரும்ப வைப்பேன். எடுப்பது, வைப்பது, எடுப்பது, வைப்பது. தலைவாரிப் பொட்டு வைப்பது மாதிரி. கடின உழைப்பாளி, குழுவோடு இணங்கிப் பணிபுரிபவள், கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிக்கவள், புள்ளி. கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிக்கவள், புள்ளி இல்லை. பெனிலாவிடம் சொன்னபோது, “அந்தப் புள்ளியப் போய் எடுக்கதுக்குப் பதிலா ஒரு வரிய மாத்தி எழுதினா என்னவாம்?” என்று கேட்டாள். அவள் தினம் ஒரு வரி மாற்றி எழுதினாள். கடைசியில் ஒரு வரி எழுதினாள், அதைப் படித்தபோது எனக்குப் பசி மாதிரி ஒன்று வந்தது, ஆனால் பசி இல்லை.

ஆஸ்பத்திரி பில்லில் தள்ளுபடி இரண்டு தடவை கழிந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். அந்த வரி அதுதான். கண்டுபிடித்தேன். யார் கண்டுபிடித்தது? ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடுகிற மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை எங்களுக்கு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அன்றைக்கு ஒரு பில்லைப் பார்த்துவிட்டு, இங்க என்னமோ இடிக்கு என்று சொன்னது நான். நான்தான் சொன்னேன். என் குரலில் சொன்னேன், என் குரல் பக்கத்து நாற்காலி வரைக்கும் போகும், அதற்கு மேல் போகாது. அவள் “எங்க, காட்டு” என்று என் திரைக்குள் தலையை நுழைத்தாள், அவள் தலையில் தேய்த்திருந்த எண்ணெய் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. நான் நம் கண்ணில்தான் கோளாறோ என்று மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனை எடுத்து நேரே அந்த ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கே கூப்பிட்டுவிட்டாள். “அக்கா, ஒரு பில்ல ரெண்டு மட்டம் அடிச்சுப் பாருங்க, நான் லைன்லதான் நிக்கேன்.” கவுண்டர் அக்கா திட்டினாள், வெளியே ஆள் நிற்கிறது, உனக்கு விளையாட்டா என்று. இவள் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, “சரிதான்க்கா, ஒரே ஒரு மட்டம், என் கூடப் பொறந்த அக்கால்லா” என்று நின்றாள். இரண்டாவது தடவை அச்சடித்தால் தள்ளுபடி இன்னொரு தடவை கழிந்தது. தளம் முழுக்கக் கை தட்டினார்கள், அவளைப் பார்த்து. நானும் தட்டினேன். நான் தட்டிய சத்தம்கூடப் பக்கத்து நாற்காலி வரைக்கும்தான் போயிருக்கும். அவள் அன்றைக்கு, “இவளாக்கும் மொதல்ல பாத்தது” என்று என்னைக் காட்டிச் சொன்னாள். சொன்னாளா? சொன்னாள். அதை நான் மறந்துவிடப் பார்க்கிறேன், மறந்துவிட்டால் வெறுக்க லேசாக இருக்கும், ஆனால் அவள் சொன்னாள். நான்தான் அய்யோ அப்படியெல்லாம் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் கதை சொல்கிறவர்கள் அதிகம், ம் கொட்ட ஆள் வேண்டும், ம் நின்றால் கதையும் நின்றுவிடும். நான் ம் கொட்டியே வளர்ந்தவள். தூக்கத்தில்கூட ம் வருமாம். பிறத்தியார் சொல்லுகிற கதைக்குச் சரியான இடத்தில் ம் சொல்லத் தெரியும், என் கதையை ஆரம்பிக்கத் தெரியாது. ம் கொட்டுகிறவளுக்கு எந்த ப்ரொஃபைல் பக்கத்திலும் ஒரு கட்டம் இல்லை, திறமைகள் என்ற இடத்தில் அதை எழுதினால் சிரிப்பார்கள். ஒரு ஊர்ல ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்களாம், ஒருத்தி போய்க் கதவத் தட்டுனாளாம், ம், இன்னொருத்தி கதவு தானாத் தொறக்கும்னு நின்னாளாம், ம், தட்டுனவ உள்ள போயிட்டாளாம், நின்னவளப் பாத்து வெளிய ஒரு ஆள் கேட்டானாம், உள்ள போனவள ஒனக்குத் தெரியுமா? தெரியும்னு சொன்னா அவளுக்கு ராஜா வீட்டுச் சோறாம். தெரியாதுன்னு சொன்னா? அந்த இடத்தில் ம் சொல்ல யாரும் இல்லை. தொட்டியின் மேல் ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருக்கிறது.

இல்லை என்று சொன்னால் என்ன? பொய்யா சொல்கிறேன்? இல்லைங்க, நான் இப்போது அங்கே வேலையில் இல்லை. அவ்வளவுதான், உண்மை, சுத்தமான உண்மை. பெனிலாவே வந்து கேட்டாலும், எனக்குப் பொய் வரவில்லைடி, வாயில் உண்மை வந்துவிட்டது, நான் என்ன செய்ய என்று சொல்லலாம், அழக்கூடச் செய்யலாம், அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள். வேலை போன அன்றைக்கு வராத உண்மை, பெரியப்பா மகனிடம் வராத உண்மை, அத்தனை நாள் புள்ளியை எடுத்து வைத்தபோதெல்லாம் வராத உண்மை, இன்றைக்கு மட்டும் எவ்வளவு பிரியமாக வருகிறது பார். வரட்டும் என்று வழிவிட்டுப் பார்க்கிறேன். வேலை கிடைக்கவில்லை. பெனிலா கட்டிலில் குப்புறக் கிடக்கிறாள். மறுநாள் காலையில் இருவரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, நான் புள்ளியை எடுக்க, அவள் வரியை மாற்ற. அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறதே என்று பயமாகவும் இருக்கிறது. அவள் போய்விட்டால் இந்த அறையில் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் பண்ண யார் இருப்பார்கள்? புது அறையில் புதுத் தோழிகள், ஆவுடைன்னு ஒருத்தி இருந்தா, பாவம், பேசவே மாட்டா என்று என்னைக் கதையாக்கிவிடுவாள். அவர்கள் ம் கொட்டுவார்கள். அந்த ம் என் காதில் இப்போதே விழுகிறது, கையில் இருக்கிற துணியை இன்னொரு முறுக்கு முறுக்குகிறேன், போன் அடிக்கிறது.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி எடுத்தேன். சின்னப் பையன் குரல், சளி பிடித்த குரல். “மேடம், வெரிஃபிகேஷன்ல இருந்து பேசுறேன். பெனிலா ராஜமணி, தெரியுமா மேடம்?” தெரியும். “உங்க கூட வேலை பாத்தவங்களா?” ஆமா. எழுதிக்கொள்கிற சத்தம், தட்டச்சுச் சத்தம். “நீங்க இப்பவும் அதே கம்பெனியிலதான் இருக்கீங்களா மேடம்?” காக்கை கத்துகிறது. ஆபீஸில் காக்கை கத்துமா? உண்மை வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, நாக்கு நுனியில், எவ்வளவு நல்ல பெண் மாதிரி நிற்கிறது. “மேடம்? லைன்ல இருக்கீங்களா?” “இருக்கேங்க.” நான் லைனில் இருப்பதைத்தான் சொன்னேன். அவன் அதைக் கம்பெனியில் இருப்பதாக எடுத்துக்கொண்டான் போல, “ஓகே மேடம்” என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்க்கிறான். அப்படியே விட்டுவிட்டால் நான் பொய்யும் சொல்லவில்லை, நல்லதும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்துவிட்டது, என் ஆயுசு முழுக்க நடந்த மாதிரி. இன்னொரு கேள்வி கேட்டான். “கடைசியா ஒண்ணு மேடம். உங்க கையில பொறுப்பு இருந்தா அவங்களத் திரும்ப வேலைக்கு எடுப்பீங்களா?” என் கையிலா? என் கையில் சோப்பு வழுக்குகிறது. சரி, என் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், எனக்கு ஒரு மேசை, ஒரு திரை, ஆயிரம் முகங்கள், கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். விறைத்துக்கொண்டு ஒருத்தி வருகிறாள், கடின உழைப்பாளி, புள்ளி, அறுபது நாள் கழித்துத்தான் வருவாளாம். விரல் நிற்கவே இல்லை. என் முகம்தான் அது, என் விரல்தான் அது, நிற்காமல் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்து ஒரு பச்சை வளையம், காற்றில் ஒரு முடிக்கற்றை, ஒரு பில்லை இரண்டு தடவை அடித்துப் பாருங்கள் என்று திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறவள். விரல் நின்றுவிட்டது.

“எடுப்பேங்க” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது, காக்கை பறந்துவிட்டது. “நான் இன்னும் அங்கதான் வேலை பாக்கேன். என்கிட்ட விட்டா அவளத்தான் எடுப்பேன். பில்லுல தள்ளுபடி ரெண்டு தடவை கழிஞ்சுதுன்னு எழுதியிருப்பா, அது நெசம், நான் பக்கத்துல இருந்தேன், மொதல்ல பாத்தவ நான், விடாமப் பிடிச்சவ அவ.” மூச்சு வாங்குகிறது. “அதெல்லாம் எழுத இடமில்ல மேடம், யெஸ்ஸா நோவான்னு மட்டும்தான்” என்றான் பையன். யெஸ். “தேங்க்ஸ் மேடம், ஆபீஸ் நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன்.” பரவாயில்லைங்க. வைத்துவிட்டான், நானும் போனைத் தொட்டிக்கு அடியிலேயே திரும்ப வைத்தேன். முடிந்தது. பெரிய மனசு பண்ணினவளுக்கு நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். லேசாகவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது, பசி இல்லாத அந்தப் பசி. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, இப்போது, நான் கொடுத்தது, என் வாயால். மாடிப்படியில் செருப்புச் சத்தம். பெனிலா கரண்டியும் கையுமாக வந்து நிற்கிறாள், மூக்கு நுனியில் வேர்வை, கண்ணில் இதுவரை நான் பார்க்காத ஒரு கெஞ்சல், பாட்டும் இல்லை, நுரையும் இல்லை. “விளிச்சானா பிள்ளே?” அவள் கூப்பிட்டானா என்று கேட்பது அப்படித்தான். சொல்லிவிடலாம். சொன்னால் கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு குதிப்பாள், நானும் குதிக்க வேண்டும். “இன்னும் இல்லட்டி” என்றேன். “ஒருவேள இனி விளிக்கவே மாட்டானோ?” என்று தொட்டி நிழலில் உட்கார்ந்து, என் போனைத் தொடாமல், அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நகத்தைக் கடிக்கிறாள். நான் தினமும் உட்கார்ந்திருப்பது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால். சொல்கிறேன், கட்டாயம் சொல்கிறேன். வாளியில் இன்னும் கொஞ்சம் துணி கிடக்கிறது. அது முடிகிற வரைக்கும், அதுவரைக்கும் மட்டும், அவளும் யாரும் கூப்பிடாதவளாக இருக்கட்டும்.